பிரேசிலின் மஞ்சள் சட்டை பிறந்த கதை

மஞ்சள் சட்டை, நீலக் கால்சட்டை. பார்த்த மாத்திரத்தில் பிரேசில் என்று சொல்லிவிடுவோம். ஆனால் 1950 உலகக் கோப்பையில் அந்த அணி உடுத்தியது வெள்ளை; காலர் மட்டும் நீலம்.

1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். கடைசி ஆட்டத்தில் உருகுவேயோடு டிரா செய்தாலே கோப்பை பிரேசிலுக்கு. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். பிரேசிலின் ஃப்ரியாசா முதல் கோலை அடித்தார். உருகுவேயின் ஸ்கியாஃபினோ அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியப் பதினோரு நிமிடம் இருக்கையில் உருகுவேயின் கிஜியா அடித்த பந்து, பிரேசில் கோல்கீப்பர் பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் நடுவே நுழைந்தது. 2–1. பழி பார்போசாவின் தலையில் விழுந்தது. அவர் சாகும்வரை அது இறங்கவேயில்லை. அந்தப் பழி சட்டையையும் விடவில்லை. வெள்ளை ராசியில்லாத நிறம், அதில் நாட்டின் அடையாளமே இல்லை என்றார்கள்.

1953-ல் 'கொரெயோ ட மன்யா' நாளிதழ் புதிய சீருடைக்குப் போட்டி வைத்தது. கொடியிலுள்ள பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கும் அதில் இருக்க வேண்டும். சிக்கலே அதுதான், நான்கையும் சட்டையிலேயே அடைத்தால் கண்ணை உறுத்தும். பெலோடாஸ் நகரில் பத்திரிகைக்குப் படம் வரைந்துகொண்டிருந்த 19 வயது ஆல்டிர் கார்சியா ஷ்லீ, நூறு படங்களுக்கு மேல் போட்டுப் பார்த்தார். கடைசியில் நிறங்களைப் பிரித்து வைத்தார்: சட்டைக்கு மஞ்சள், காலருக்கும் கைவிளிம்புக்கும் பச்சை, கால்சட்டைக்கு நீலம், அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடு. மற்றவர்களுக்கு வராத விடை அந்த இளைஞருக்கு வந்தது, பரிசும் அவருக்கே.

1954 மார்ச்சில் அதே மரக்கானாவில், மஞ்சள் உடுத்திய பிரேசில் சிலியை 1–0 என வென்றது. 1958 இறுதியாட்டத்தில் சுவீடனும் மஞ்சள் என்பதால் நீலம் உடுத்தி முதல் உலகக் கோப்பையை வாங்கியது. மஞ்சளில் கோப்பையைத் தூக்கியது 1962-ல். 1970-ல் பீலேயின் அணியைக் கலர் டிவியில் கண்ட உலகம் அந்த நிறத்தை மறக்கவில்லை.

ஷ்லீ பிறந்த ஜாகுவாராவ் எல்லையோர ஊர். பாலத்தைத் தாண்டினால் உருகுவே. அவர் மனம் ஆதரித்ததும் உருகுவே அணியைத்தான். அதை அவர் மறைத்ததில்லை. பிரேசிலை அழவைத்த அணியை நேசித்தவரே பிரேசில் தலைநிமிர ஒரு சட்டை கொடுத்தார். அண்மைக் காலத்தில் பிரேசிலின் அரசியல் தரப்பினர் சிலர் அந்த மஞ்சளைத் தங்களுக்கே உரியதாக்கப் பார்த்தார்கள். அது யாருக்கும் தனிச்சொத்தாகாது. இரண்டு நாடுகளையும் நெஞ்சில் வைத்திருந்த ஒருவர் தந்த சட்டையைக் காட்டி, யாரையும் அந்நியன் என்று ஒதுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.