கதிரையும் தரையும்

கொட்டாஞ்சேனையாயினும் வெள்ளவத்தையாயினும், கொழும்பிலே தமிழர் இல்லத்திற்கு வருபவரை முதலில் வரவேற்பது கதிரை. அச்சொல் போர்த்துக்கேயர் தந்தது. மேசையும் அலுமாரியும் அவர்தம் மொழியிலிருந்து வந்தவையே. அதற்குமுன் சாதாரண குடிகள் பெரும்பாலும் பாயிலும் பலகையிலும் திண்ணையிலுமே அமர்ந்தனர்.

ஆசனம் உடலுக்கு ஓய்வு தந்ததோடு, மனிதரின் மதிப்பையும் அளந்து வந்தது. 1660 இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், முதுகு சாயும் ஆசனம் அரசனுக்கே உரியது என்றும், குடிகள் வீட்டில் சாய்வில்லாத ஆசனங்களே இருந்தன என்றும் கூறுகின்றது. ஒரு சாய்வுப் பலகையே அரசனையும் குடியையும் வேறுபடுத்திற்று.

இருக்கையால் மனிதரைப் பிரிக்கும் வழக்கம் அரசரோடு அழியவில்லை. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் இருத்தப்பட, ஏனையோர் வாங்கில் இருந்தனர். 1929 இல் சம ஆசனம் வழங்குமாறு பணிக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. அப்பிள்ளைகளுக்குத் தரை என்பது இழிவின் அடையாளமாகவே இருந்தது.

யப்பானின் மரபான இல்லங்களிலோ, வீட்டாரும் விருந்தினரும் விரிப்பின்மீது அமர்வதே வழக்கம். ஆதலின் கால்களின்றி முதுகுச்சாய்வு மட்டும் கொண்ட 'சாயிசு' என்னும் ஆசனம் அங்கே பயின்றது. 1963 இல் புஜிமோரி கெஞ்சி ஒட்டுப்பலகையால் அமைத்த சாயிசு பெரும் பெயர் பெற்றது. மடக்கத்தக்க தரைக்கதிரையும் இவ்வினத்ததே.

மாடிக் குடியிருப்பின் சிற்றறைக்கு இது பெரிதும் ஏற்றது. மடித்தால் அலுமாரிக்குப் பின்னே ஒதுங்கிவிடும். வாங்குவோர் சாய்வு தோள்வரை உயர்ந்துள்ளதா, மெத்தை அமுங்கிப் போகாத திண்மை உடையதா, மூட்டு உறுதியாக நிற்கின்றதா என்று அமர்ந்து பார்த்தல் நன்று. வெள்ளவத்தையின் கடற்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும்; ஆகையால் மூட்டை அடிக்கடி துடைத்து எண்ணெய் இடவேண்டும். பின்புறம் வலிந்து சாய்ந்தால் கதிரை கவிழவுங்கூடும். சுவரோரம் இடுவது பாதுகாப்பு.

முழங்கால் நோவுள்ள முதியோர் தரையிலிருந்து எழுவது கடினம். அவர்களுக்குச் சாய்மனைக் கதிரையே தகும். பாட்டனார் அதிலே சாய்ந்திருக்க, பேரப்பிள்ளைகள் தரைக்கதிரையில் அமர்ந்து அவரோடு உரையாடலாம். அரச பதவியும் சாதியும் வகுத்த இருக்கையின் உயரத்தை, அவ்வீட்டில் முழங்காலின் வலிமை மட்டுமே வகுக்கின்றது.