செயற்கை நுண்ணறிவுப் பொறுப்புடைமை வலையமைப்பு

செயற்கை நுண்ணறிவைக் கையாளும் அரசுகளையும் நிறுவனங்களையும் கேள்வி கேட்கும் செய்தியாளர்களுக்கான நிதியுதவித் திட்டம். வாஷிங்டனில் இயங்கும் புலிட்சர் மையம் இதை 2022-இல் தொடங்கியது. 2006-இல் உருவான இம்மையத்துக்கும் புலிட்சர் பரிசுக்கும் தொடர்பில்லை. தேர்வாகும் செய்தியாளர்களுக்குப் பத்து மாத நல்கை கிடைக்கும். தொகை 20,000 டாலர் வரை.

இத்திட்டத்தின் பயனுக்கு 2024 ஜனவரியில் அல் ஜசீராவில் வெளியான தெலங்கானா புலனாய்வு நல்ல சான்று. அம்மாநில அரசின் ‘சமக்ர வேதிகா’ மென்பொருள், பல துறைகளின் தரவுகளைப் பெயர், முகவரி கொண்டு இணைத்து, யார் ஏழை, யார் இல்லை என்று கணித்தது. ஹைதராபாத்தில் ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவரை, பெயர் ஒற்றுமையால், கார் உரிமையாளர் என்று அது பதிந்துகொண்டது. அவர் குடும்பத்தின் ரேஷன் அட்டை பறிபோனது. 2014 முதல் 2019 வரை அங்கே ரத்தான அட்டைகள் 18 லட்சத்துக்கும் மேல். நேரில் விசாரிக்காமல் ரத்து செய்ததால் உச்ச நீதிமன்றம் 2022-இல் மறு ஆய்வுக்கு உத்தரவிட்டது.

இப்படியொரு செய்திக்குத் தகவல் உரிமைச் சட்ட மனுக்கள், வீடுவீடாக விசாரணை, நிரல் புரிந்த துணை எல்லாம் வேண்டும். அன்றாடச் செய்தியறையால் அவ்வளவு மாதம் ஒருவரை விட்டுக்கொடுக்க முடிவதில்லை. பாதிக்கப்பட்டவர்களோ தங்களை விலக்கியது ஒரு கணிப்பு என்பதைக்கூட அறிவதில்லை. நல்கையின் உண்மையான மதிப்பு இங்கேதான்.

2024-இல் இம்மையம் செய்தியாளர்களுக்கான செயற்கை நுண்ணறிவுப் பயிற்சித் தொடரையும் தொடங்கியது.