குடையப்பட்ட குழல்கள்

1857 என்றதும் நம் பள்ளிக்கூடப் பாடம் கொழுப்பில்தான் ஆரம்பிக்கும். என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்கணும், அதில் மாட்டுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு, சாதியும் மதமும் கெட்டுப்போகும் என்கிற கதை. கலகம் அடங்கிய பிறகு அந்தத் துப்பாக்கி என்ன ஆச்சு? இதை யாரும் நமக்குச் சொன்னதில்லை.

அது வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. நரிக்குறவர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் அப்படித்தான். ஆனால் நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். 1853 மாதிரி என்ஃபீல்டின் 39 அங்குலக் குழலுக்குள்ளே மூன்று வரிப்பள்ளங்கள் மெல்ல முறுக்கிக்கொண்டு ஓடும். மருந்து வெடித்ததும் ஈயக்குண்டின் அடி விரிந்து அந்தப் பள்ளத்தைப் பிடிக்கும், சுழன்றுகொண்டே வெளியேறும். அதனால்தான் முந்நூறு கஜத்திலும் குறி தப்பாது. வழவழப்பான குழலில் குண்டு தளர்வாகக் கிடக்கும். நூறு கஜம் தாண்டினால் அது எங்கே போய் விழும்னு சுட்டவனுக்கே தெரியாது.

1858இல் இந்தியச் சிப்பாய்க்கென்று தனி மாதிரி ஒன்றை வெள்ளை அரசு கொண்டுவந்தது. 0.577 அங்குலக் குழலை ஏறத்தாழ 0.65 அங்குலத்துக்குக் குடைந்து, வரிப்பள்ளங்களைச் சுத்தமாக வழித்தெடுத்தார்கள். தூரத்துக்கு ஏற்றபடி உயர்த்திக் குறிபார்க்கும் பின்கண்ணை எடுத்துவிட்டு, அசையாத சின்னக் கட்டையை வைத்தார்கள். குடைந்ததில் குழலின் சுவர் மெலிந்துபோனது. அதனால் 1859இல் தடித்த சுவரோடு இன்னொரு மாதிரி வந்தது. வெளியே பார்த்தால் அதே மரம், அதே இரும்பு. அணிவகுப்பில் வித்தியாசமே தெரியாது.

இது சிக்கனத்துக்காகச் செய்த வேலை இல்லை. இன்னொரு கலகம் வந்தால் வெள்ளைக்காரன் கைத்துப்பாக்கி ஒருபடி மேலே இருக்கணும் என்ற கணக்கு. 1859இல் பீல் ஆணையம் வங்காளப் படையில் இரண்டு இந்தியருக்கு ஒரு வெள்ளையர், சென்னை, பம்பாய்ப் படைகளில் மூவருக்கு ஒருவர் என்று விகிதம் போட்டதும், பீரங்கிகளை வெள்ளையர் வசமே வைத்ததும் இதே கணக்குதான்.

கலகத்தை நடத்திய வங்காளப் படையில் பிராமணரும் ராஜபுத்திரரும்தான் அதிகம். தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

மஜ்ஹபி சீக்கியர்களைப் பாருங்கள். துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சூஹ்ரா சாதியிலிருந்து சீக்கியத்துக்கு வந்தவர்கள். 1857இல் டெல்லி முற்றுகைக்காக அவர்களை வைத்தே வெள்ளையர் பயனியர் படை திரட்டினார்கள். 23ஆம் பஞ்சாப் பயனியர் படையும் மஜ்ஹபிகளைக் கொண்டதுதான். 1868 ஏப்ரல் 10, அபிசீனியாவில் ஆரோகி போர். வெள்ளையரின் 4ஆம் ரெஜிமெண்ட் கையில் பின்வழி தோட்டா போடும் புதிய ஸ்னைடர் ரைபிள். அதே களத்தில் மஜ்ஹபிகள் கையில் வாய்வழித் துப்பாக்கி, வழவழப்பான குழல். ஸ்னைடர்காரன் தள்ளி நின்னு சுட்டான். இவர்கள் எதிரி கிட்ட வரும்வரை நின்று, துப்பாக்கி முனையின் ஈட்டியால் குத்திப் போராட வேண்டியிருந்தது. எதிரே இருந்தவர்கள் தம் மண்ணைக் காத்த எத்தியோப்பியர்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. காவு கொடுக்க நாம், காவு வாங்கவும் நாம்.

அந்த மொட்டைக் குழலும் எல்லோருக்கும் நிலைக்கலை. 1890களின் தொடக்கத்தில், போர்க்குணச் சாதி என்ற தத்துவத்தைச் சொல்லி மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதினார். அவர்கள் பெயரில் ரெஜிமெண்ட் வர 1941 ஆனது.

ஒடுக்கப்பட்டவர்கள் ஏன் கலகம் செய்யவில்லை என்ற கேள்விக்கு 1936இல் அம்பேத்கர் பதில் சொன்னார்: வர்ணமுறை அவர்களிடம் ஆயுதம் இல்லாமல் பார்த்துக்கொண்டது. வெள்ளைக்காரன் கொஞ்சம் மாற்றிச் செய்தான். ஆயுதத்தைக் கொடுத்தான், உள்ளே இருந்த வரியை வழித்துவிட்டுக் கொடுத்தான். இன்றைக்கும் ஒரு பதவியோ உரிமையோ நம் கைக்கு வரும்போது வெளிப்பளபளப்பில் மயங்காமல் குழலுக்குள்ளே பார்க்கப் பழகணும்.