ஆண்மையின் மூப்பும் அறிவியலின் தேடலும்

இளமை நில்லாது என்பதை உலகம் என்றும் அறிந்தே வந்துள்ளது. ஆயினும் அதனை மனமொப்பி ஏற்றவர் சிலரே. பாரதம் கூறும் யயாதி மன்னன் தன் மூப்பை மகன் புருவுக்கு ஈந்து, அவனது இளமையைப் பெற்று நெடுங்காலம் இன்பம் துய்த்தான். நுகருந்தோறும் வேட்கை வளர்ந்ததேயன்றித் தணியவில்லை என்றுணர்ந்த பின்னரே அவ்விளமையைத் திருப்பித் தந்தான். நாற்பதைக் கடந்த ஆடவர் பலரும் அம்மன்னனின் ஏக்கத்தை ஓரளவேனும் உணர்பவர்கள். பாலுணர்வு தளர்வதை வெளியிற் சொல்ல நாணி, மறைவில் மருந்து தேடுவோர் எங்கும் உளர். அத்தேடலில் அறிவியல் நடந்த வழியை அறிவது அவர்களுக்குப் பயன்தரும்.

காயடித்த காளையின் மூர்க்கம் தணியும் என்பதை உழவர்கள் பழங்காலந்தொட்டே அறிந்திருந்தனர். ஏன் தணிகிறது என்பதற்கு விடைகாண வழிவகுத்தவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் பெர்த்தோல்டு. 1849ஆம் ஆண்டில் அவர் ஆறு சேவல்களின் விரைகளை நீக்கினார். அவற்றுள் சிலவற்றின் வயிற்றினுள் ஒரு விரையை மீண்டும் பொருத்தினார். பொருத்தப்பெறாத சேவல்களின் கொண்டை சுருங்கியது; கூவலும் போர்க்குணமும் ஒழிந்தன. பொருத்தப்பெற்றவையோ முன்போலவே கூவின, பெட்டைகளை நாடின. நரம்புத் தொடர்பு அறுந்தபின்னும் ஆண்மை நிலைத்ததால், விரையிலிருந்து ஏதோ ஒன்று குருதியிற் கலந்து உடலெங்கும் தொழிற்படுகிறது என்பது புலனாயிற்று. எனினும் அவ்வரிய உண்மையை அறிஞருலகம் பல்லாண்டுகள் பொருட்படுத்தவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. மொரிஷியசுத் தீவிற் பிறந்து, முதுகுத்தண்டு ஆய்வினாற் பெரும்புகழ் எய்தியிருந்த பிரௌன்-செக்கார், 1889ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று பாரிசில் அறிஞர் அவையொன்றில் உரையாற்றினார். அப்போது அவருக்கு அகவை 72. நாய், சீமைப்பெருச்சாளி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தம் உடலில் ஊசிவழிச் செலுத்திக்கொண்டதாகவும், இழந்த வலிமை மீண்டதாகவும் அவர் அறிவித்தார். எள்ளி நகைத்தோர் பலர். அச்சாற்றை வாங்க முண்டியடித்தோர் அவரினும் பலர். அவர் பொய்யுரைத்தாரல்லர், தாம் உணர்ந்ததையே உரைத்தார். ஆனால் 2002ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அவர் முறைப்படியே சாறு வடித்து அளந்தபோது, உடலில் எவ்வித மாற்றமும் விளைக்கவொண்ணாத அளவிலேயே ஆண்மைச் சுரப்பு அதில் இருந்தது. விரை அச்சுரப்பைச் சேமித்து வைப்பதில்லை. அது நீரில் எளிதிற் கரைவதுமில்லை. ஆக, அம்முதியவரை எழுப்பி நிறுத்தியது சாறன்று, அவரது நம்பிக்கையே.

நம்பிக்கை வணிகமாகவும் வளர்ந்தது. 1920களில் பாரிசில் வோரோனோஃப் என்னும் மருத்துவர் குரங்கின் விரைத்துண்டுகளைச் செல்வர்களின் உடலிற் பொருத்தினார். வியன்னாவின் ஸ்டைனாக் விந்துக்குழாயைக் கட்டினால் இளமை திரும்பும் என்றார். கவிஞர் யேட்ஸ் 1934ஆம் ஆண்டில் அத்தகைய அறுவைக்கு உட்பட்டுக் கவித்திறனும் வேட்கையும் தம்மிடம் மீண்டதாக நம்பினார். குழாயைக் கட்டுவதால் சுரப்பு பெருகுவதில்லை என்பதே பின்னாளில் தெளிவான உண்மை.

1935ஆம் ஆண்டில் அப்பொருள் மெய்யாகவே கைக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாமில் எர்னஸ்ட் லாக்கர் குழுவினர் காளையின் விரைகளிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து டெஸ்டோஸ்டெரோன் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டில் பூட்டெனன்ட்டும் ருசிக்காவும் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டனர். 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் அறிவிக்கப்பட்டது. மருந்து கிடைத்ததும் தேடல் முடிந்தது என்று எண்ணினோர் உளர். ஆனால் 1944ஆம் ஆண்டில் ஹெல்லர், மையர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் வேறொன்றைக் காட்டினர். தளர்ச்சியென்று வந்த ஆடவருள் சுரப்புக் குறைபாடு மெய்யாகவே உடையோர் இம்மருந்தால் நலம்பெற்றனர். மனக்காரணத்தாற் தளர்ந்தோருக்கோ அது பயன்படவில்லை.

இப்பகுப்பைப் பிற்கால ஆய்வுகளும் வலியுறுத்துகின்றன. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதுபோல் ஆண்களுக்குத் திடீர் முடிவு ஏதுமில்லை. நடுவயதிலிருந்து சுரப்பு மெல்ல மெல்லவே குறைகிறது. ஐரோப்பாவில் 40 முதல் 79 அகவை வரையுள்ள 3,369 ஆடவரை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, வேட்கைத் தளர்ச்சி முதலிய குறிகளும் சுரப்புக் குறைவும் ஒருங்கே உடையோர் நூற்றுக்கு இருவரளவே. உடற்பருமனும் நாட்பட்ட நோய்களும் சுரப்பைக் குறைப்பதில் முதுமையோடு போட்டியிடுகின்றன. உறக்கமின்மை, கவலை, இல்லறக் கசப்பு ஆகியனவும் வேட்கையைத் தளர்த்துவனவே. தேவையின்றி இச்சுரப்பை ஏற்றுக்கொண்டாலோ, உடல் தானே சுரப்பதை நிறுத்துகிறது, விந்தணுக்களும் அருகுகின்றன.

ஆதலின், நடுவயதுத் தளர்ச்சி நாணி மறைக்கத்தக்க குற்றமுமன்று; ஊசியொன்றினால் அனைவருக்கும் தீர்வதுமன்று. குறைபாடு மெய்யாயின் குருதிச் சோதனை அதனைக் காட்டும், மருத்துவமும் உண்டு. அஃதில்லாதவிடத்துத் தன் உடலையும் உறக்கத்தையும் இல்லறத்தையும் நோக்குவதே ஆடவனுக்கு அறிவுடைமை. பேரறிஞராகிய பிரௌன்-செக்காரே தம் விருப்பத்தை உண்மையென மயங்கினார் எனில், மறைவில் மருந்து விற்பாரின் சொல்லைப் பிறர் எத்துணை எச்சரிக்கையோடு கேட்டல் வேண்டும் என்பதை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?