எழுத்தின் உள்ளே இருந்தவை

நவீன ஓவியம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்போர் நம்முள் மிகுதி. கோடும் வண்ணமும் குழம்பிக் கிடக்கும் பரப்பில் பொருள் எங்கே இருக்கிறது என்பது அவர்தம் வினா. உருவம் தீட்டுதல் பற்றி மார்க்க அறிஞர்கள் நெடுங்காலமாக ஆய்ந்து வரும் சட்டச் சிக்கலும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே சூடான் நாட்டு ஓவியர் இப்ராஹீம் அஸ்ஸலஹி அவர்களின் வரலாற்றை எழுதப் புகுகின்றோம்.

நீலநதியும் வெண்ணதியும் கூடும் இடத்தருகே உள்ள உம்துர்மான் நகரில் 1930-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் இல்லத்திலேயே ஓதப்பள்ளி நடத்தியவர். அந்நாட்டில் அதனைக் ‘கல்வா’ என்பர். பிள்ளைகளுக்குத் தாளும் புத்தகமும் இல்லை, மரப்பலகைதான். கரியும் கருவேலம் பிசினும் குழைத்த மையில் நாணற் பேனாவைத் தோய்த்துத் திருவசனங்களை எழுதுவர். மனனமானதும் கழுவிவிட்டு அடுத்த பகுதியை எழுதுவர். ஒரு பெரும் பகுதியை ஓதி முடித்த மாணவனின் பலகைக்குச் சித்திர வேலைப்பாடு செய்து சிறப்பிப்பதும் உண்டு. சிறுவர் இப்ராஹீமின் கை முதன்முதல் வண்ணம் தொட்டது அத்தகைய பலகைகளில்தான். பலகையில் எழுதி ஓதிய முன்னோரையும், பீங்கானில் குங்குமப்பூ மையால் எழுதிக் கரைத்துக் குடித்த பாட்டிமாரையும் அறிந்த நமக்கு இச்செய்தி அயலாகத் தோன்றாது.

கார்ட்டூமில் கோர்டன் நினைவுக் கல்லூரியில் பயின்ற பின், 1954 முதல் 1957 வரை இலண்டன் ஸ்லேடு ஓவியப் பள்ளியில் அவர் கற்றார். 1956-இல் சூடான் விடுதலை பெற்றது. மறு ஆண்டு ஊர் திரும்பிய இளைஞர், தாம் கற்ற மேனாட்டு முறை ஓவியங்களைக் கார்ட்டூமின் கிராண்ட் ஹோட்டலில் காட்சிக்கு வைத்தார். திறப்பு நாளன்று கூட்டம் வந்தது. அதன்பின் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. மீண்டும் காட்சி வைத்தார்; அதே கதைதான்.

பிறராயின் மக்களுக்குச் சுவையில்லை என்று பழிகூறி ஒதுங்கியிருப்பர். இவரோ தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நாடெங்கும் சுற்றினார். எளிய மக்களின் வீட்டுச் சுவரில் எது தொங்குகிறது, அவர்கள் கண் எதில் நிற்கிறது என்று பார்த்தார். எங்கும் அரபெழுத்து, எங்கும் கூடையிலும் பாயிலும் பாத்திரத்திலும் பின்னிய கோலங்கள். மக்களிடம் கலை இல்லாமற் போகவில்லை, தம் ஓவியத்தில்தான் மக்கள் இல்லை என்று உணர்ந்தார். திரும்பி வந்து, படத்தின் மூலையில் அஞ்சல்தலை அளவில் சில எழுத்துகளைப் பொறித்தார். மக்கள் சற்றே நெருங்கினர். எழுத்தைப் படம் முழுதும் பரப்பினார், இன்னும் நெருங்கினர். பிறகுதான் எழுத்தையே பிரித்து, அதற்குப் பொருள் தருவது எது என்று தேடத் தொடங்கினார். அவ்வாறு பிரித்த கோடுகளின் இடைவெளியிலிருந்து விலங்கும் மரமும் மனித முகமும் தாமே எழுந்து வந்தன என்று அவர் கூறியிருக்கிறார். திட்டமிட்டு வரைந்தவை அல்ல அவை. தாம் அறியாத ஓர் ஆவி தம் கையைச் செலுத்தியது போல் இருந்ததாம்.

இங்கே அரபு கற்றோர் சற்று நின்று எண்ண வேண்டும். ‘ஐன்’ என்றால் கண். ‘நூன்’ என்றால் மீன். ‘காஃப்’ என்னும் பெயர் உள்ளங்கையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பண்டைச் செமித்திய மக்கள் எழுத்தை ஆக்கிய காலத்தில் கண்ணின் படமே ஐன். எருதின் தலையே அலிஃபின் மூதாதை. எழுத்தைப் பிளந்தவருக்கு முகம் தென்பட்டது வெறும் மயக்கம் என்று நாம் எப்படித் தள்ள இயலும்? மறுபுறம், எழுத்தழகுக் கலையின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. அப்பாசிய அமைச்சர் இப்னு முக்லா, பேனா முனையின் புள்ளியை அலகாகக் கொண்டு ஒவ்வோர் எழுத்துக்கும் அளவு வகுத்தார். அரசியலில் சிக்கி வலக்கை வெட்டுண்டு 940-இல் சிறையில் மாண்டவர் அவர். அளவினால் எழுத்தைக் காத்தார் அவர். அளவைக் கலைத்து எழுத்தின் உள்ளே நுழைந்தார் ஸலஹி. இறைவசனத்தின் எழுத்தை இவ்வாறு கலைப்பதை நம் மனம் ஏற்காது. தனியெழுத்தின் வடிவத்தோடு நிற்கும்வரை அதனைத் தேடல் என்றே கருதுகின்றோம். ஆயினும் அதிலிருந்து எழுந்த முகங்கள் பற்றிய ஐயம் நமக்கு முற்றும் தீரவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அஹ்மத் ஷிப்ரைன், கமாலா இஸ்ஹாக் முதலியோரும் அவருமாக வளர்த்த அப்போக்கினைக் கார்ட்டூம் பள்ளி என்று உலகம் அழைத்தது. 1961-க்கும் 1965-க்கும் இடையில் அவர் தீட்டிய ‘குழந்தைப்பருவக் கனவுகளின் மறுபிறப்புற்ற ஒலிகள்’ என்ற பெரும்படத்தில் மண்ணின் நிறமே மேலோங்கியுள்ளது. நீண்ட முகங்கள் இருளிலிருந்து நம்மை நோக்குகின்றன. படத்துக்கு ‘ஒலிகள்’ எனப் பெயரிட்டது ஏன்? ஒரே கூடத்தில் ஐம்பது பிள்ளைகள் ஐம்பது பாடத்தை ஓதும் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை என்பது நம் எண்ணம்.

1972-இல் தாயகம் அழைக்க, பண்பாட்டுத் துறையில் உயர் பதவி ஏற்றார். 1975 செப்டம்பரில் நுமைரி அரசுக்கு எதிராக ஒரு கிளர்ச்சி தோல்வியுற்றது. அதில் தொடர்புடையவரென ஐயுற்று, விசாரணை ஏதுமின்றி அவரைக் கோபர் சிறையில் ஆறு மாதம் அடைத்தனர். அங்கே தாளோ எழுதுகோலோ வைத்திருந்தால் தனிச்சிறை. உலாவ விட்ட சிறுபொழுதில் மணலில் வரைந்து, காவலர் வருமுன் அழித்துவிடுவார். கிடைத்த தாள் துண்டுகளில் இரகசியமாக வரைந்து மணலிற் புதைப்பார். பலகையைக் கழுவி எழுதிப் பழகிய கைக்கு, அழிவது புதிதன்று.

அச்சிறு துண்டுகளே அவர் முறையாயின. நடுவில் ஒரு கரு. அது வளர வளர, பக்கத்தில் மற்றொரு தாள். அதன் பக்கத்தில் இன்னொன்று. முழுப்படம் எப்படி முடியும் என்று தொடங்கும்போது வரைபவருக்கே தெரியாது. 1977-இல் கத்தார் சென்று வாழ்ந்த காலத்தில், 1984–85-இல், ஒன்பது பலகங்களை இணைத்துக் கறுப்பு மையால் ‘தவிர்க்க முடியாதது’ என்ற படத்தை இவ்வாறே வளர்த்தார். உயர்ந்த கைகளும் இறுகிய முட்டிகளும் நிறைந்த அப்படம், கொடுங்கோலுக்கு எதிராக மக்கள் எழுவதைக் கூறுவது. 1985 ஏப்ரலில் மக்கள் எழுச்சியை அடுத்து நுமைரி ஆட்சி கவிழ்ந்தது.

1998-இல் ஆக்ஸ்போர்டில் குடியேறினார். நைல் கரையின் ‘ஹராஸ்’ மரம் பின்னாளில் அவர் படங்களில் மீண்டும் மீண்டும் வந்தது. மழைக்காலத்தில் பிற மரங்கள் தழைக்கையில் இலையுதிர்த்து நின்று, வறட்சியில் பச்சை பூணும் மரம் அது. தம் மக்களின் உறுதிக்கு அதனை அவர் அடையாளமாக்கினார். 2013-இல் இலண்டன் டேட் மாடர்ன் காட்சிக்கூடம் அவருடைய வாழ்நாட் படைப்புகளைத் தொகுத்துக் காட்சி நடத்தியது. ஆப்பிரிக்கக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அத்தகைய காட்சி அதுவே முதன்முறை.

முதுமையில் முதுகுவலியும் நடுக்குநோயும் வந்து பெரும்படங்களின்முன் நிற்க இயலாமற் போயிற்று. அவர் நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்ட மருந்துகளின் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, அவற்றின் உட்புறத்தில் பேனாவினால் வரையத் தொடங்கினார்.