‘காரணம்’ என்ற கட்டம்

மதுவுக்கும் போதைக்கும் எதிராகப் பேச எழும்போது நம் நாவில் எண்கள் தாராளமாக வந்து விழுகின்றன. நோக்கம் நல்லது; எனவே அவ்வெண்களைக் கேட்போரும் சோதிப்பதில்லை, சொல்லும் நாமும் சோதிப்பதில்லை. அத்தகைய எண் ஒன்றைச் சிலர் பொறுமையோடு சோதித்துப் பார்த்த வரலாறு உண்டு.

1893 மார்ச்சில் பிரித்தானிய மக்களவையில் வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கேன் என்ற உறுப்பினர், வங்காளத்தில் கஞ்சா பயிரிடுவதாலும் விற்பதாலும் மக்களின் உடலுக்கும் ஒழுக்கத்திற்கும் நேரும் தீங்கை ஆராய ஆணையம் அமைக்க வேண்டும் என்று கேட்டார். கேன், பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர். மதுவிலக்குப் பணியில் தளராது உழைத்தவர். இந்திய மனநோய்க் காப்பகங்கள் கஞ்சா புகைப்போரால் நிரம்பியுள்ளன என்ற பேச்சு ஈராண்டுகளுக்கு முன்பே அம்மன்றத்தில் எழுந்திருந்தது.

அன்றைய அரசு கஞ்சாவைத் தடுக்கவில்லை; அளந்து, பூட்டி, வரி வாங்கியது. வங்காளத்தின் ராஜ்சாகி மாவட்டத்தில் நவகாவ் பகுதியில் உரிமம் பெற்ற உழவரே பயிரிடலாம். ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்குவதற்கென்றே ‘போத்தார்’ எனப்படும் கைதேர்ந்தோர் இருந்தனர். விளைச்சல் பண்டகசாலைக்குச் செல்லும். தட்டை, உருண்டை, தூள் என்ற வகைக்கேற்பத் தீர்வை வேறுபடும். தீர்வைப் பணத்தின் மீது அரசுக்கு இருந்த பற்றை நாம் மறந்துவிடக் கூடாது.

1893 ஜூலையில் எழுவர் ஆணையம் அமைந்தது. தலைவர் மாக்வொர்த் யங். இந்தியர் மூவருள் ஒருவர் கன்வர் ஹர்நாம் சிங். கபூர்தலா அரச குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நலவாழ்வு அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் தந்தை இவரே. ஊர் ஊராகச் சென்ற ஆணையம் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. மருத்துவர், உழவர், கலால் அதிகாரிகள், மறைபணியாளர் எனப் பலரும் பேசினர்.

ஆயினும் ஆணையத்தின் அரிய பணி சாட்சியம் கேட்டதன்று, பதிவேட்டைத் திறந்ததே. 1892இல் காப்பகங்களில் சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவர்களுள் 222 பேரின் நோய்க்குக் கஞ்சாவே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. இவ்வாறு எழுதியவர் யார்? தெருவில் திரிந்த மனிதரைக் காவலர் பிடித்து வருவார். அவரோடு நடுவர் மன்றத்திலிருந்து ஒரு விவரத்தாளும் வரும். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அதை வெறுமையாக விடுவது பிழையாகக் கருதப்படும். உறவினர் அருகில் இல்லை. நோயுற்றவர் தம் கதையைக் கூறும் நிலையில் இல்லை. ‘கஞ்சா’ என்று எழுதினால் தாள் நிறைவடையும். காப்பக மருத்துவர் அதையே படியெடுத்துக் கொள்வார். ஆண்டறிக்கை அவற்றைக் கூட்டும். கூட்டுத்தொகை கடல் கடந்து இலண்டன் செல்லும்.

நம் பங்குகளின் அடக்கப் பதிவேட்டிலும் ‘இறப்பின் காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. துயர வீட்டின் வாசலில் நின்று அவசரமாக அதை நிரப்பிய கைகளுள் நம் கையும் ஒன்று. ஆகவே அக்காவலரைக் குற்றவாளியாக்க நமக்கு மனம் வரவில்லை.

ஆணையம் அந்த 222 பேரின் வரலாற்றையும் ஒவ்வொன்றாக மீண்டும் விசாரித்தது. இறுதியில் எஞ்சியவை 98. அவற்றிலும் கஞ்சாவோடு வேறு காரணங்கள் கலந்தவை இருந்தன. 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது: அளவோடு பயன்படுத்துவோர்க்குப் பெருங்கேடில்லை, மிகுதியால் கேடுண்டு, முழுத்தடை வேண்டியதில்லை, உரிமத்தாலும் தீர்வையாலும் கட்டுப்படுத்துக. இந்திய உறுப்பினர் இருவர் மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினர்.

இவ்வறிக்கை கஞ்சாவுக்கு நற்சான்று என்று கொள்வோர் தவறுகின்றனர். எஞ்சிய 98 பேரும் மனிதர்களே. வீரியம் மிக்க வகைகளை இளமையிலேயே தொடர்ந்து பயன்படுத்துவோர்க்கு மனநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. நாம் இங்குப் போற்றுவது முடிவையன்று; காகிதத்துக்குப் பின்னிருந்த மனிதரைத் தேடிச் சென்ற உழைப்பை.

அந்த உழைப்பு நெடுநாள் நினைக்கப்படவில்லை. ஜெனீவாவில் 1924, 1925ஆம் ஆண்டுகளில் அபினி குறித்து நடந்த பன்னாட்டு மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி எல் குந்தி எழுந்து, தம் நாட்டு மனநோயாளிகளுள் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரை கஞ்சாப் பிசினால் அந்நிலைக்கு ஆளானவர் என்றார். அவை அதிர்ந்தது. அந்த எண்ணைத் தந்த தாளில் காரணத்தை எழுதியவர் யார் என்ற கேள்விக்கு அங்கு இடமிருக்கவில்லை. ஆணையத்தின் ஏழு தொகுதிகளும் பொருட்படுத்தப்படவில்லை. சமய, சமூக வழக்கங்களைச் சுட்டி இந்தியத் தரப்பு தயங்கியது. எனினும் 1925 பிப்ரவரியில் உருவான உடன்படிக்கையில் கஞ்சாவின் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

1961இன் பன்னாட்டு உடன்படிக்கை அக்கட்டுப்பாட்டை இறுக்கியது. நாருக்கும் விதைக்கும் மட்டும் பயிரிடுவதை விலக்கி வைத்தது. அதன் வழியே 1985இல் இந்தியா இயற்றிய போதைப்பொருள் சட்டம், பூமுனைகளையும் பிசினையும் தண்டனைக்குரியவை ஆக்கியது. பூமுனை சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியது. வட மாநிலங்களில் பாங் கடைகள் உரிமத்தோடு நடப்பது அவ்வரையறையால்தான். 1894இன் ஏழு எழுத்தாளர்களும் அக்கடைகளைக் கண்டால் வியந்திருக்க மாட்டார்கள்.