மாறாத உடையும் மாறவிடாத உடையும்

உடை வரலாறு என்று தேடிப் போனால் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் படம் பார்க்கிற புத்தகங்கள்தான். சிற்பத்தில் என்ன மடிப்பு, ஓவியத்தில் என்ன கரை, ராணி எந்தப் பட்டு உடுத்தினாள். உடுத்தியவர்கள் வருவார்கள், உடுத்தக்கூடாது என்று அடிக்கப்பட்டவர்கள் வரமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் துறைக்காரர்களிடம் பதில் தயாராக இருக்கும்: அவர்களுடைய துணி ஒன்றும் கிடைக்கவில்லையே! வாஸ்தவம்தான். பட்டு பெட்டியில் தூங்கும். முரட்டுத் துணி உடுத்திக் கிழிந்து, தொட்டிலாகி, கரித்துணியாகி, கடைசியில் திரியாக எரிந்து தீர்ந்துவிடும். அருங்காட்சியகம் வரைக்கும் வந்து சேர அதற்கு ஆயுள் ஏது?

இத்துறைக்குள் நெடுநாளாக ஒரு சச்சரவு உண்டு. ஒரு பக்கம் துணியைக் கையிலெடுத்து இழை, சாயம், வெட்டு, தையல் என்று பார்ப்பவர்கள். அருங்காட்சியகக் காப்பாளர்களும், இங்கிலாந்தில் 1960களில் உருவான காஸ்ட்யூம் சொசைட்டி போன்ற அமைப்புகளும் வளர்த்த மரபு இது. மறுபக்கம் பல்கலைக்கழகக் கோட்பாட்டாளர்கள். முன்னவர்கள் பொத்தான் எண்ணுகிறவர்கள் என்று இவர்களுக்கு இளக்காரம். ஒரு சட்டையைக்கூடத் தொடாமல் சட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் என்று அவர்களுக்கு எரிச்சல். இந்தச் சண்டையின் வரலாற்றை 2002இல் விரிவாக எழுதிய லூ டெய்லர், இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று தேவை என்கிறார். சரி. தொட்டுப் பார்க்கத் துணியே மிஞ்சாதவர்களின் வரலாற்றை எதைத் தொட்டு எழுதுவது?

ரோலான் பார்த் 1957இல் 'அனால்' இதழில் எழுதிய கட்டுரை இங்கே கைகொடுக்கிறது. சொஸ்யூரின் மொழி, பேச்சு என்ற பிரிவினையை அவர் உடைக்குக் கொண்டுவருகிறார். சமூகம் விதித்திருக்கிற உடை ஒழுங்கு மொழி போன்றது. ஒருவர் அதை அன்றாடம் உடுத்திக்கொள்கிற விதம் பேச்சு போன்றது. ஆகவே தனித்தனி ஆடைகளை வருணித்துக்கொண்டிருப்பதை விட்டு எது கட்டாயம், எது எதோடு சேரும், எது கூடாது என்கிற விதிகளைத் தேட வேண்டும். துணி அழிந்திருக்கலாம், விதிகள் நம்மிடம் தாராளமாகவே இருக்கின்றன. தடை ஆணைகளை எழுதியவர்கள் அவற்றைப் பத்திரமாகவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பெர்னான் ப்ரோதல் முதலாளித்துவம் பற்றிய தன் பெருநூலில் உடைக்குத் தனியிடம் கொடுத்தவர். ஐரோப்பாவில் 1350 வாக்கில் ஆண்களின் அங்கி திடீரென்று குட்டையாயிற்று, ஃபேஷன் ஓட ஆரம்பித்தது என்கிறார். சீனா, இந்தியா, இஸ்லாமிய நாடுகள்? அங்கெல்லாம் சமூகம் அசையவில்லை, அதனால் உடையும் அசையவில்லை. இந்தக் கதையாடலைப் பிறகு பலர் கேள்வி கேட்டார்கள். 2008இல் பெல்ஃபான்ட்டி, ஃபேஷன் ஐரோப்பாவின் கண்டுபிடிப்பா என்றே கேட்டுக் கட்டுரை எழுதினார். இந்தியா, சீனா, ஜப்பானிலும் ஃபேஷன் தலைகாட்டியது, ஆனால் சமூக நிறுவனமாக முழுதாய் வளர்ந்தது ஐரோப்பாவில்தான் என்று முடித்தார். சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தாயிற்று.

இங்கிலாந்தில் 1463இலும் 1533இலும் உடைச் சட்டங்கள் வந்தன. 1574இல் முதலாம் எலிசபெத் பிரகடனம் வெளியிட்டார். யார் வெல்வெட் போடலாம், யார் கருஞ்சிவப்பு உடுத்தலாம் என்று அந்தஸ்துவாரியாகப் பட்டியல். 1604இல்தான் இவை ரத்தாயின. ஐரோப்பிய வரலாற்றாளர்கள் இந்தத் தடைகளை எப்படி வாசிக்கிறார்கள்? கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைப் போல உடுத்தத் துணிந்துவிட்டார்கள், அதனால்தான் தடை வந்தது. ஆகவே இது அசைவுக்குச் சான்று. நல்ல வாசிப்பு. அதே வாசிப்பை இந்தியாவுக்கு ஏன் கொடுப்பதில்லை? இங்கே தடை என்றால் சாதியின் அசையாமைக்குச் சான்று என்று எடுத்துக்கொள்கிறார்கள்!

தெற்குத் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தை இந்தக் கேள்வியோடு திரும்பப் பார்க்கலாம். அன்றைய திருவிதாங்கூரில் மார்பைத் திறந்து நிற்பது மேலே இருப்பவருக்குக் காட்டும் மரியாதை. நாயர் பெண்களும் நம்பூதிரி முன்னால் மேல்துணியை எடுக்க வேண்டும். நாடார் பெண்களுக்கோ யார் முன்னாலும் மேல்துணி கூடாது. கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் தோள்சீலை போடத் தொடங்கியபோது அடி விழுந்தது. மிஷனரிப் பெண்கள் ஒரு தளர்வான குப்பாயத்தைத் தைத்துக் கொடுத்தார்கள். 1814 ஆணை சொன்னது: சிரியன் கிறிஸ்தவர், மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம், நாயர் பெண்களைப் போல மேல்துணி கூடாது. 1829 ஆணையும் அதையேதான் சொன்னது. பெண்கள் கேட்கவில்லை. குப்பாயத்துக்கு மேலேயே தோள்சீலையைப் போட்டார்கள். 1858 கடைசியில் கலவரம் மூண்டது. சந்தையில் துணி உருவப்பட்டது. ஜெபவீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் ட்ரெவிலியனின் நெருக்கலுக்குப் பின் 1859 ஜூலை 26இல் மன்னரின் பிரகடனம் வந்தது. அதன் சாரம்: குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

இந்தக் கடைசி வரியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. மிஷனரிகள் இதை வெட்கத்தின் கதையாகச் சொன்னார்கள். பின்னால் வந்த நம்மவர்களும் மானத்தின் கதையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மானம்தான் பிரச்சினை என்றால் 1814லேயே குப்பாயத்தோடு முடிந்திருக்க வேண்டுமே? மூடுவதை ஆணை அனுமதித்தாயிற்று. அது தடுத்தது ஒப்புமையை. அந்தப் பெண்கள் அரை நூற்றாண்டு விடாமல் கேட்டதும் அதையேதான்: உன்னைப் போல நானும். பார்த்தின் பாஷையில் சொன்னால், விதியின் மொழிக்குள்ளேயே நின்று தடுக்கப்பட்ட வாக்கியத்தைப் பேசினார்கள்.

ஃபேஷன் பற்றி 1904இல் எழுதிய கியோர்க் ஸிம்மல், கீழ்த்தட்டு மேல்தட்டைப் பார்த்து உடுத்தும், உடனே மேல்தட்டு வேறொன்றுக்குத் தாவும், இதுவே ஃபேஷனின் இயக்கம் என்றார். பெர்லின் சீமாட்டி தையற்காரரிடம் போய்ப் புது உடுப்பு தைத்துக்கொள்வாள். திருவிதாங்கூர்ச் சீமான் தையற்காரரிடம் போகவில்லை. சந்தைக்கு ஆள் அனுப்பித் துணியை உருவச் சொன்னான். மாறாத உடை என்று ப்ரோதல் கண்டது உண்மையில் மாறவிடாத உடை. அந்த அசையாமை இயற்கையாக வந்ததல்ல. ஆணையும் அடியும் போட்டுக் காப்பாற்றப்பட்டது.

இதெல்லாம் சமஸ்கிருதமயமாதல்தானே என்பார்கள். 1952இல் எம்.என். சீனிவாஸ் தந்த சொல். ஒரே காரியம் லண்டனில் நடந்தால் ஃபேஷன், நாகர்கோவிலில் நடந்தால் சமஸ்கிருதமயமாதல்! மேலும், எல்லாரும் மேலே பார்த்துத்தான் உடுத்தினார்களா? 1915இல் அய்யன்காளியின் அழைப்பில் புலையப் பெண்கள் தங்களுக்கு விதிக்கப்பட்ட கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். யாரையும் போலச் செய்ததல்ல அது. சுமத்தியதைக் கழற்றியது.

தோள்சீலையோடு இது தீர்ந்துவிடவும் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே ஆண்களுக்குத் துணி கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்களுக்கு ரவிக்கை, தாவணி கூடாது. குடை, செருப்பு கூடாது. அதற்கு முன் யாரோ பனியன் போட்டிருக்கிறார்கள், குடை பிடித்திருக்கிறார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டும். இந்த எட்டுத் தடையும் ஒரு உடை வரலாற்று ஆவணம். அழிந்துபோன துணிகளின் எதிர்மறை அச்சு.

2006இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு நூலில் உடையின் சமூக வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. தோள்சீலையும் அதில் உண்டு. நாடார்களை வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்களாகக் காட்டுகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது, திருத்தி எழுதியிருக்கலாம். 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியைத் தேர்விலிருந்து நீக்கியது. 2019இல் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் இரண்டு மாநில முதல்வர்கள் வந்து போராட்டத்தின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். மேடை போட்டது நல்லதுதான். ஆனால் மேடையில் வீரம் மட்டும் மிஞ்சும். யார் எதைத் தடுத்தார்கள், ஆணையின் வாசகம் என்ன என்பதெல்லாம் பாடத்தில்தான் நிற்கும். துணி ஏற்கெனவே திரியாக எரிந்துவிட்டது. காகிதத்தையாவது விடாமல் வாசிப்போம்.